அத்தியாயம் 9: உரசிய சக்கரத்துக்குப் புது நிறம்

கார் சக்கரத்துக்குப் புது நிறம் அடிக்க நினைப்பவர் கறுப்பா, சாம்பலா, வெண்கலமா என்ற கேள்வியில்தான் வழக்கமாகத் தொடங்குகிறார். உத்திரமேரூர் வட்டாரத்தில் வண்டி ஓட்டுபவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தச் சக்கரம் அடுத்த முறை உரசினால் அதை யார், எங்கே, என்ன செலவில் சரிசெய்வார்? நம் சாலைகளில் உரசல் மறுபடியும் வரத்தான் போகிறது. ஆகவே, உரசிய இடத்தை மட்டும் தேய்த்து, அங்கே மட்டும் பூசி, பழைய பூச்சோடு சேர்த்துவிட முடிகிற பெயிண்டே இந்த ஊருக்கு நல்ல பெயிண்ட். இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பூச்சின் வகை, நிறம், வேலைக்கு உகந்த மாதம், எதை நாமே செய்வது, எதைப் பெயிண்டரிடம் விடுவது என எல்லா முடிவுகளும் இதிலிருந்தே வருகின்றன.

காயம் எங்கிருந்து வருகிறது

ஊருக்குள் போடும் சிமெண்ட் சாலை பக்கத்து மண்ணைவிட உயர்ந்து நிற்கிறது. ஓரத்து மண் நான்கு மழையில் கரைந்ததும் விளிம்பு வெளியே தெரிந்துவிடுகிறது. எதிரே பேருந்தோ டிப்பர் லாரியோ வந்தால் இடதுபக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிடுகிறோம். திரும்ப ஏறும்போது அந்த விளிம்பு டயரின் பக்கவாட்டில் தேய்ந்து ரிம்மின் உதட்டைச் சுரண்டுகிறது. ஓர் உரசலில் வரும் காயம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆனால் பூச்சு போன இடம் அதோடு நிற்பதில்லை. மதூர், திருமுக்கூடல் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள் சாலையெங்கும் கல்தூளை உதிர்த்துச் செல்கின்றன. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவையில் 7 என்ற இடத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கீறக்கூடிய கடினம் அது. எந்தப் பெயிண்டும் அதற்கு ஈடுகொடுக்காது. தூசி படிந்த சக்கரத்தை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அதனால் இங்கே பூச்சு இரண்டு வழியில் தேய்கிறது: விளிம்பில் ஒரே அடியாக, முகப்பில் தினமும் கொஞ்சமாக.

பூச்சு அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் பெயிண்ட் போன இடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரும்பு ரிம்முக்குத் தொழிற்சாலையில் மின்சாரம் பாய்ச்சிய பெயிண்ட் தொட்டியில் முக்கியெடுத்து அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். அந்தப் படலம் கிழிந்ததும் துரு பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அலாய் சக்கரம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கைதான் ஏமாற்றுகிறது. அலாய் என்பது ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியம். காற்றில் ஈரமும், காயத்தில் கொஞ்சம் உப்பும் இருந்தால், மேல் வார்னிஷுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கும். உரசிய ஒரு புள்ளியிலிருந்து அது உள்நோக்கிப் பரவி நல்ல பூச்சையும் தூக்கிவிடும். இந்த அரிப்பு டயர் உட்காரும் விளிம்பை எட்டினால் காற்று மெதுவாகக் கசியும். பஞ்சர் கடையில் ஆணியைத் தேடினால் கிடைக்காது. சக்கரத்துக்கு மறுபூச்சு வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான். நிறம் அதோடு கூட வரும் பரிசு.

பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு இது: பவுடர் கோட்டிங் பெயிண்டைவிடக் கெட்டியாயிற்றே, ஒரே முறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? கெட்டி என்பது உண்மை. பவுடர் படலம் 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. சிறு கல் தெறித்தால் தாங்கும். ஆனால் சிமெண்ட் விளிம்பு உலோகத்தையே சுரண்டுகிறது. அதன் மேலிருக்கும் படலம் மட்டும் தப்பிக்காது. சுரண்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். பவுடரை 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து உருக்கி ஒட்டவைக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் அதே பவுடரைத் திரும்பப் போட வழியில்லை. டயரைக் கழற்றி, முழு ரிம்மையும் உரித்து, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். அதற்கான பெரிய அடுப்புக்கு அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் போக வேண்டும். ஓர் அங்குல உரசலுக்காக ஒரு சக்கரத்தை அவ்வளவு தூரம் சுமப்பவர் யாரும் இல்லை. காயம் அப்படியே கிடக்கும். கெட்டியான படலத்துக்கு அடியில் அரிப்பு அமைதியாகப் பரவும்.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அலாய் சக்கரத்தை வார்த்த பிறகு சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து உறுதியேற்றுகிறார்கள். பவுடர் அடுப்பின் சூடு அதைவிட அதிகம். குறித்த நேரம் மட்டும், ஒரே ஒருமுறை சுடுவதால் கேடில்லை. சக்கரத் தொழிற்சாலைகளே பவுடர் பயன்படுத்துகின்றன. சூட்டை அளக்காத அடுப்பில் நேரம் கூடினாலோ, ஒவ்வொரு உரசலுக்கும் மறுபடி சுட்டாலோ உலோகம் தன் உறுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்குப் பவுடர் பொருந்தலாம். வாரத்துக்கு நான்கு முறை மண்ணில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது பொருந்தாது. ஒரே முறை செய்துவிட்டு மறந்துவிடும் வேலை நெடுநாள் நிற்பதில்லை என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேசப்படுகின்றன. அந்தத் தேர்தலில் ஆண்டுதோறும் அமைக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். கட்டிவிட்டோம், முடிந்தது என்று ஏரியை அவர்கள் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பார்த்துப் பழுது நீக்க ஆள் வைத்தார்கள். சக்கரத்துக்கும் அந்தக் கணக்குதான் சரி.

அப்படிப் பழுது பார்க்க ஏற்றது, லாரிக்கும் டிராக்டருக்கும் நம் ஊர்ப் பெயிண்டர்கள் அடிக்கும் டூ-கே பி.யு. பெயிண்ட். அதாவது, அடிக்கும் நேரத்தில் ஹார்ட்னர் கலந்து, கலந்த பின் தானே இறுகுகிற பெயிண்ட். அடுப்பு தேவையில்லை. இறுகிய பின் பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. உரசினால் அந்த இடத்தைத் தேய்த்து, பூசி, பாலிஷ் போட்டுச் சேர்த்துவிடலாம். இந்த வேலைக்குக் கம்ப்ரஸரும் கைப்பழக்கமும் உள்ள பெயிண்டிங் பட்டறையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

எந்த நிறம்

நிறத்தையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். பளபளக்கும் கறுப்பு கடையில் அழகாக இருக்கும். வெளிர்ந்த கல்தூள் அதன்மேல் ஒரே நாளில் மாவு தூவியதுபோலத் தெரியும். துடைத்த கீறல்களும் வெயிலில் வட்டவட்டமாக மின்னும். வெள்ளையில் பிரேக் தூசியின் கரும்பழுப்புக் கறை ஏறிவிடும். மேட் பூச்சுக்குப் பாலிஷ் போட முடியாது. திட்டுத் திருத்தம் ஒட்டுப்போட்ட துணிபோலத் தனியே தெரியும். வெள்ளி, வெண்கலம் போன்ற மெட்டாலிக் நிறங்களில் உள்ள நுண்துகள்கள் பெயிண்டர் ஸ்பிரே கன்னைப் பிடிக்கும் கோணத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பப் படிகின்றன. அதே டப்பாவிலிருந்து அடித்தாலும் திருத்திய இடம் ஒரு சாயல் மாறித் தெரியும். மின்துகள் இல்லாத நடுத்தரச் சாம்பல் இந்தக் குறைகளிலிருந்து தப்புகிறது. கல்தூளும் செம்மண்ணும் பிரேக் தூசியும் அதில் உறுத்துவதில்லை. சிறு தூரிகையால் தொட்டாலும் சேர்ந்துவிடுகிறது. இதையொட்டிய சாம்பல்களுக்கு எண்ணும் உண்டு: இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 5 நிற அட்டையில் 632, டார்க் அட்மிரால்டி கிரே. ஜெர்மனியின் ரால் அட்டையில் 7024, கிராஃபைட் கிரே. கண்ணால் பார்த்துக் கலக்கிய நிறத்தை இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பக் கலக்குவது கடினம். எண் சொல்லி வாங்கிய நிறம் எந்த ஊர்ப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும். சாம்பல் சோகையான நிறம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆறு மாதம் கழித்துச் சுத்தமாகத் தெரியும் சாம்பல், ஆறு மாதம் கழித்து வடுவோடு நிற்கும் கறுப்பைவிட அழகு. வண்டியின் பதிவுச் சான்றிதழில் உடலின் நிறம்தான் குறிக்கப்படுகிறது. சக்கரத்தின் நிறத்துக்கு அதில் இடமில்லை.

டைமண்ட் கட் எனப்படும், முகப்பை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கிய சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு நிறம் மாற்றுவது இன்னும் நல்லது. அந்த முகப்பில் வெற்று அலுமினியத்துக்கு மேல் தெளிந்த வார்னிஷ் மட்டுமே காவல். புழுத்தடம் முதலில் வருவது அதில்தான். மறுபடி சீவினால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். சில முறைக்கு மேல் சீவவும் முடியாது. பிரைமரோடு முழுக்கப் பூசிவிட்டால் அந்தத் தொல்லை ஓயும்.

எதைப் பூசக் கூடாது

பூச்சு, காயத்தை மூடும், முறிவை ஒட்டாது. சக்கரத்தைக் கழுவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஆரக்காலின் அடியிலும், நட் துளைகளைச் சுற்றியும், உட்புற விளிம்பிலும் முடியளவு விரிசல் இருந்தாலும் அந்தச் சக்கரம் பெயிண்டுக்கு உரியதல்ல, காயலான் கடைக்கு உரியது. விரிசலை வெல்டிங் வைத்து மூடிக் கொடுப்பவர்கள் உண்டு. வெல்டிங் சூடு அந்த இடத்தில் ஏற்றிய உறுதியை அழித்துவிடுகிறது. மேலே பட்டி பார்த்துப் பூசினால் ஆபத்து கண்ணுக்கும் மறைந்துவிடும். பள்ளத்தில் விழுந்து கோணிய ரிம்மை பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றினால் ஆட்டம் தெரியும். அதையும் பூசுவதற்கு முன்பே தீர்த்தாக வேண்டும். உதட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட சுரண்டல், உரிந்த வார்னிஷ், மேலோட்டமான துரு ஆகியவையே இந்த அத்தியாயம் பேசும் வேலைகள்.

தேய்ப்பு நம்முடையது, தெளிப்பு பெயிண்டருடையது

வேலையில் முக்கால் பங்கு தேய்ப்புதான். அதற்குப் பொறுமை போதும், பட்டறை வேண்டாம். ஒரே வண்டி உள்ள வீட்டில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தேய்த்து வைக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு ஜாக்கி வையுங்கள். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் காற்றை இறக்கி, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சுற்றிலும் செருகுங்கள். பேலன்சிங் எடைகளை எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் உள்ளும் புறமும் கழுவுங்கள். கடைசிக் கழுவலுக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வேண்டாம். அது காய்ந்து விட்டுச்செல்லும் உப்பு, பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். மழைநீரோ கேன் தண்ணீரோ ஒரு சக்கரத்துக்கு இரண்டு குவளை போதும்.

உரசிய உதட்டை 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 320 என மென்மைக்கு ஏற்றிச் செல்லுங்கள். காயத்தின் ஓரத்தில் பழைய பெயிண்ட் படிபோல நிற்கக் கூடாது. கண்ணை மூடி விரலை ஓட்டினால் எங்கே உலோகம் முடிகிறது, எங்கே பெயிண்ட் தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குச் சரிவாகத் தேய வேண்டும். புழுத்தடம் இருந்தால் அது முடியும் இடத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரை வெற்று உலோகம் வரும்படி தேயுங்கள். மிச்சம் வைத்தால் அங்கிருந்தே மறுபடி தொடங்கும். பள்ளத்துக்கு ஹார்ட்னர் கலக்கும் பட்டியே வேண்டும்; டியூபில் வரும் என்.சி. பட்டி சக்கரத்தின் சூட்டிலும் அதிர்விலும் சுருங்கி விழும். இந்தப் பட்டியை வெற்று உலோகத்தின் மேல் போட்டுத் தேய்த்த பின்னரே பிரைமர் அடிக்க வேண்டும். எட்ச் பிரைமர் அடித்துவிட்டு அதன்மேல் பட்டி வைத்தால் பிரைமரின் அமிலம் பட்டியை ஒட்டவிடாது. காயம்படாத முகப்பு முழுவதையும் 400 எண் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். பளபளப்பின் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

தெளிப்பைப் பெயிண்டரிடம் விடச் சொல்வதற்குக் காரணம் உடல்நலம். டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் அதன் மூடுபனி மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடியோ கொரோனா காலத்து முகக்கவசமோ அதைத் தடுக்காது. வீட்டுத் திண்ணையில், பிள்ளைகள் ஓடும் இடத்தில் அதைத் தெளிக்கவே கூடாது. பெயிண்டரும் உரிய கார்ட்ரிட்ஜ் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அதை வலியுறுத்துவது கடமை. வெற்று அலுமினியம் தெரியும் இடங்களில் எபாக்ஸி பிரைமர், அது உலர்ந்து மென்மையாகத் தேய்த்த பின் நிறம் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். ஒரே தடிப்பாக அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் சிக்கி, பிறகு ஊசித்துளைகளாக வெடிக்கும்.

தெளிப்பதற்கு மாதமும் நேரமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுதி. தின்னர் ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு வெளுத்துப்போகும். மார்கழி விடியலில் பனி இருக்கும். ஆடியில் காற்று மண்ணைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். அக்னி நட்சத்திர உச்சிவெயிலில் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து மேற்பரப்பு சொரசொரக்கும். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை, பனி விலகிய காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை நல்ல நேரம். அதே மாதங்களில் சம்பா அறுவடையும் நடக்கும். சாலையில் நெல் தூற்றும் நாளாக இருந்தால் பட்டறையின் அந்தப் பக்கத்தை மூடச் சொல்லுங்கள், அல்லது இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள் மூன்று உண்டு: சக்கரம் அச்சோடு சேரும் பின்பக்கத் தட்டை முகம், நட் உட்காரும் குழிகள், டயர் உட்காரும் விளிம்பு. இவற்றுக்கு டேப் ஒட்டிவிட்டே அடிக்க வேண்டும். நட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட் தளரும். பூச்சு வேலையே ஓட்டத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறும் இடம் இது. ஒரு நாள் கழித்து மாட்டலாம். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை அழுத்தக் குழாயில் கழுவ வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக, வண்டிக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குத் திருகுங்கள். சிறு கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். பேலன்சிங் எடையை அடித்துச் சொருகாமல் உட்புறம் ஒட்டும் வகையாகக் கேளுங்கள்.

இன்னும் சில கேள்விகள்

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் வீல் கப் போட்டு மறைத்துவிடலாமே என்பார்கள். கப் காயத்தைக் கண்ணிலிருந்து மறைக்கும், ஈரத்திலிருந்து காக்காது; கப்புக்குள் சேரும் சேறு இரும்பு ரிம்மைச் சீக்கிரம் துருவேற்றும். பூசிய ரிம்மின் மேல் கப் போடுங்கள், பூச்சுக்குப் பதிலாகப் போடாதீர்கள். உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு சிலருக்குப் பிடிக்கும். அது நிறத்தைச் சோதித்துப் பார்க்க உதவும். சிமெண்ட் விளிம்பு ஒருமுறை கிழித்தால் அந்த ஓரத்திலிருந்து உரியத் தொடங்கிவிடும். புதுச் சக்கரமே வாங்கிவிடலாம் என்ற வாதத்துக்குப் பதில் எளிது: புதுச் சக்கரமும் இதே சாலையில்தான் ஓடப்போகிறது. விரிசல் விட்டதை மாற்றுங்கள். சுரண்டியதை மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

மறுபடி தொட இடம்கொடுக்கும் பூச்சு, மறுபடி தொடுவதற்கு ஆள் இருந்தால்தான் பயன் தரும். வேலை முடிந்ததும் ஹார்ட்னர் கலக்காத பெயிண்டில் நூறு மில்லியை இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வாங்கி வையுங்கள். அதன்மேல் நிற எண், பெயிண்டின் வகை, கலப்பு விகிதம், அடித்த தேதி நான்கையும் எழுதி ஒட்டி, நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்து, பொங்கலுக்கு வண்டியைக் கழுவும்போது நான்கு சக்கரங்களின் உதட்டையும் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். விரல் தட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு, அந்தப் புட்டியோடு பெயிண்டரிடம் போங்கள். தூரிகையால் தொடுவதற்கு அரைமணி நேரம் போதும்.